கையில் சீட்டோடு வருகிறவருக்கு வழி சொல்லுங்கள்: கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கிராம நிர்வாக அலுவலர்கள், வருவாய் ஆய்வாளர்கள், வட்டாட்சியர் அலுவலகங்களில் பதிவறையைப் பார்த்துக்கொள்பவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவிலிருந்தோ மொரிஷியஸிலிருந்தோ பிஜியிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒருவர் உங்கள் அலுவலகப் படியேறி வருவார். தமிழ் பேச வராது, அல்லது உடைந்த தமிழ். கையில் ஒரு பழைய தாளின் நகல் இருக்கும். அதில் அவருடைய பாட்டனோ பூட்டியோ கப்பலேறிய ஆண்டும், ஆங்கிலத்தில் சிதைந்துபோன ஓர் ஊர்ப்பெயரும் இருக்கும். "இது உங்கள் ஊரா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். வெளிநாட்டு ஆவணக் காப்பகங்கள் அவரைத் தாலுகா வரை கொண்டுவந்து விட்டுவிடும். அங்கிருந்து ஊருக்குள் போகிற கடைசி இரண்டு மைல்தான் பெரும்பாலும் நின்றுபோகிறது. குடியேற்ற ஆவணங்களைப் படித்துத் தேடிக் கொடுக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அந்தக் கடைசித் தூரத்தை எப்படிக் கடக்கலாம் என்று உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில் அந்தத் தாள் என்ன என்று பார்த்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர் என்றால் அது கப்பல் பட்டியலின் ஒரு வரி. 1860 நவம்பரில் டர்பனுக்கு வந்த 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். சாகும்வரை அந்த எண்தான் அடையாளம். கல்யாணப் பதிவு, குழந்தை பிறப்புப் பதிவு, மரணப் பதிவு எல்லாவற்றிலும் அது வரும். எண் இருந்தால் கப்பல் பட்டியலில் அந்த வரியைக் கண்டுபிடிக்கலாம். வரியில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆண் அல்லது பெண், சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் ஆகியவை இருக்கும்.

பிஜிக்குப் போனவர் என்றால் தனித்தனி 'குடியேற்றப் பாஸ்' உண்டு. அதில் நெருங்கிய உறவினர் பெயர் என்று கூடுதலாக ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் உங்களுக்கு மிகவும் உதவும். சென்னையிலிருந்து பிஜிக்குக் கப்பல்கள் போகத் தொடங்கியது 1903-இல்தான். அதற்கு முந்தைய கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டவை. மொரிஷியஸ் பதிவுகள் அங்கே மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. 1860-களிலிருந்து புகைப்படங்களும் எடுத்திருக்கிறார்கள், ஆகவே அங்கிருந்து வருபவர் கையில் சில சமயம் முகமே இருக்கும்.

பாஸ் படிவத்தில் 'தாணா' என்று அச்சிட்ட கட்டம் இருக்கும். வங்காளத்தில் அது போலீஸ் ஸ்டேஷன் எல்லையைக் குறிக்கும். சென்னைக் கணக்கர்கள் அதில் தாலுகா பெயரை எழுதினார்கள். நீங்கள் தாலுகா என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ஊர்ப்பெயர். சிக்கல் முழுக்க இங்கேதான். ஊர்ப்பெயர் நான்கு கை மாறி வந்திருக்கிறது. போனவர் வாயால் சொன்னார். கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவின் கணக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். கப்பல் பட்டியலுக்காக இன்னொருவர் அதைப் பார்த்து நகலெடுத்தார். நூறு வருஷம் கழித்து வேறொரு நாட்டில், தமிழே தெரியாத ஒருவர் கணினியில் தட்டினார். ஒவ்வொரு கையிலும் ஒரு பிழை சேர்ந்திருக்கும்.

அந்தக் காலத்து எழுத்துமுறையைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிழை தீரும். ஆங்கில 'யு' எழுத்து பெரும்பாலும் நம் 'அ' ஒலிக்காக எழுதப்பட்டது. அதனால் 'முங்கலம்' போலத் தெரிவது மங்கலம். இரண்டு 'ஓ' சேர்ந்து வந்தால் உ அல்லது ஊ. 'கூப்பம்' குப்பம், 'பாக்' பாக்கம், 'பொல்லியம்' பாளையம், 'நெல்லூர்' பெரும்பாலும் நல்லூர். ழகரம் வரும் இடத்தில் எல், ஒய், ஆர் எதுவும் நிற்கும். 'கில்' என்று தொடங்கினால் கீழ் என்று படித்துப் பாருங்கள். கையெழுத்தில் ஆங்கிலச் சிறிய 'என்'னும் 'யு'வும் ஒன்றுபோலவே இருக்கும். பெரிய 'டி'யும் 'எஃப்'பும், பெரிய 'எஸ்'ஸும் 'எல்'லும் அப்படித்தான். குறுக்குக்கோடு போடாத 'டி' எல்லாம் 'எல்' ஆகிவிடும். ஆகவே கணினியில் தட்டிய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடாதீர்கள். மூலப் பக்கத்தின் புகைப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். அவரிடம் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லுங்கள். அதே பக்கத்தில் மேலும் கீழும் உள்ள வரிகளையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே ஊரிலிருந்து நாலைந்து பேர் ஒன்றாகப் போயிருந்தால், ஒரு வரியில் சிதைந்த பெயர் அடுத்த வரியில் சுத்தமாக இருக்கும்.

ஒரு மாதிரி பார்ப்போம். ஜில்லா தென்னாற்காடு, தாலுகா திருக்கோவிலூர், ஊர் 'ஒர்குண்டநுல்லூர்' என்று ஒரு தாள் வருகிறது. கடைசிப் பகுதி நல்லூர். நடுவில் இருக்கும் 'குண்ட', யு-வை அகரமாக்கினால் 'கண்ட'. முதலெழுத்து வட்டமாகச் சுழித்த பெரிய 'ஏ', தட்டியவர் 'ஓ' என்று படித்திருக்கிறார். அரகண்டநல்லூர். இதைத் திருக்கோவிலூர் தாலுகாக்காரர் வாய்விட்டு ஒருமுறை படித்தால் போதும், வெளிநாட்டில் இருப்பவர் வருஷக்கணக்கில் தேடுவது ஒரு நொடியில் கிடைத்துவிடும். ஆனால் அதே தாள் எல்லைக் கோட்டின் தொல்லையையும் காட்டும். அன்றைக்கு ஒரே தாலுகாவில் இருந்த இரண்டு ஊர்களில் இன்று திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சி மாவட்டம், தென்பெண்ணைக்கு அக்கரையில் இருக்கும் அரகண்டநல்லூர் விழுப்புரம் மாவட்டம். வந்தவர் தவறான மாவட்டத்தில் நிற்கிறார் என்றால் "எங்கள் பட்டியலில் இப்படி ஓர் ஊர் இல்லை" என்று திருப்பி அனுப்பாமல், பழைய தாலுகா எல்லையை நினைத்துப் பாருங்கள்.

இந்த எல்லை மாற்றங்களில் அதிகம் தடுமாற வைக்கும் சிலவற்றைச் சொல்கிறோம். திருவண்ணாமலை அன்று தென்னாற்காட்டில் இருந்தது. கரூர் 1910 வரை கோயம்புத்தூர் ஜில்லா. நாமக்கல் சேலத்தில் இருந்து, 1910-இல் திருச்சிராப்பள்ளிக்குப் போய், பிறகு சேலத்துக்கே திரும்பியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேலம். இராமநாதபுரம் தனி ஜில்லாவானதே 1910-இல், அதற்கு முன்பு போனவரின் தாளில் மதுரை அல்லது திருநெல்வேலி என்றுதான் இருக்கும். வடாற்காடு என்று எழுதியிருந்தால் ஊர் இன்று ஆந்திராவின் சித்தூர்ப் பக்கம்கூட இருக்கலாம். திருப்பத்தூர் என்று வந்தால் மட்டும் இரண்டு தடவை பாருங்கள். சேலம் ஜில்லா என்றிருந்தால் அது இன்றைய திருப்பத்தூர் மாவட்டம். மதுரை ஜில்லா என்றிருந்தால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர். புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம், அதன் பழைய கணக்குகளும் தனி.

பிறகு ஒரு கேள்வி: தாளில் இருப்பது வருவாய்க் கிராமமா, குக்கிராமமா? போனவர் தன் வீடு இருந்த இடத்தின் பெயரைத்தான் சொல்லியிருப்பார். அது உங்கள் கிராமப் பட்டியலில் இருக்காது. தாய்க்கிராமத்துக்குள் ஒரு களம், ஒரு ஏரிக்கரை, ஒரு தெரு என்று கிடக்கும். பழைய கிராம வரைபடத்தை விரித்து, ஏரி, குளம், தோப்பு, நத்தம் ஆகியவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படியுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் ஊரில் வயதான வெட்டியான், தலையாரி குடும்பத்தாரைக் கேளுங்கள். வயல்களின் பழைய பெயர்கள் அவர்களுக்குத் தெரியும்.

ஊர் உறுதியானதும் எந்தப் பதிவேட்டைத் திறப்பது? பலரும் முதலில் பிறப்புப் பதிவேட்டைத்தான் கேட்பார்கள். 1889-இல் இருபத்திரண்டு வயதில் கப்பலேறியவர் 1867 வாக்கில் பிறந்தவர். கிராமங்களில் பிறப்பு இறப்பைப் பதிவுசெய்ய சென்னை மாகாணத்தில் சட்டம் வந்ததே 1899-இல். அவர் பிறப்பு அதில் இருக்காது. 1899-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கும் குழந்தையின் பெயர் எழுதாமல் 'ஆண் குழந்தை', தகப்பன் பெயர் என்று மட்டும் இருப்பதுதான் வழக்கம். ஆனால் ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பிகளின் இறப்புப் பதிவு அதில் இருக்கலாம், வயதும் தகப்பன் பெயரும் ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். பழைய புத்தகங்கள் உங்களிடம் இருக்காது. வட்டாட்சியர் அலுவலகத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ தேடச் சொல்லுங்கள். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். 1899-க்கு வெகு முன்பிருந்தே அவை இருக்கின்றன.

அடுத்தது நிலக் கணக்கு. நில விவரங்கள் உள்ள இப்போதைய 'அ' பதிவேடு 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை ஒட்டியது, அதனால் பழைய பெயர்கள் அதில் தெரியாது. கேட்க வேண்டியது அதற்கு முந்தைய, நிலத்தை அளந்து வரி நிர்ணயித்து எழுதிய செட்டில்மென்ட் பதிவேடு. அரசே உழவரிடம் நேராக வரி வாங்கிய இரயத்துவாரிக் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அளந்து எழுதி, ஏறத்தாழ முப்பது வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி எழுதினார்கள். அதில் கப்பலேறியவர் பெயரைத் தேடாதீர்கள், தகப்பன் பெயரைத் தேடுங்கள். இருபது வயதுப் பையன் பேரில் பட்டா இருக்காது. பழைய கணக்கெல்லாம் பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும், வந்தவருக்கு அது புரியாது. பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும் என்று சொல்லிக்கொடுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை.

உங்கள் கிராமம் பழைய ஜமீன் கிராமமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஜமீன் என்றால் 1948-ஆம் ஆண்டு ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு எழுதியதுதான் அரசின் முதல் செட்டில்மென்ட் பதிவேடு. அதற்கு முந்தையது ஜமீன் கச்சேரிக் கணக்கு. பல இடங்களில் அது மிஞ்சவில்லை. இல்லாத ஒன்றைத் தேடி வந்தவரை மூன்று அலுவலகங்களுக்கு அலையவிட வேண்டாம். வரியில்லாமலோ குறைந்த வரியிலோ மானியமாகக் கொடுத்த இனாம் கிராமம் என்றால் 1860-களின் இனாம் பதிவேடு சென்னையில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்க வேண்டியது.

கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் நிலம் இல்லாதவர்கள். அவர்களுக்கு எந்தப் பட்டாவும் இல்லை. குடியிருந்த இடம் நத்தம், நத்தத்துக்குள் வீடுவாரியாக அளந்தது மிக அண்மைக் காலத்தில்தான். இங்கே காகிதம் முடிந்துவிடுகிறது. வாய்வழிச் செய்தியைத்தான் நாட வேண்டும். இந்த இடத்தில் உங்கள் உதவி இன்னும் கூடுதலாகத் தேவை. குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் நோட்டு இருக்கும். பங்காளிகள் யார், எந்த வகையறா வெளியூர் போனது என்று பூசாரிக்கும் பெரியதனக்காரர்களுக்கும் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் இன்றைக்கும் வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறது, முதல் பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது வழக்கம் என்று கேளுங்கள். தமிழை மறந்த குடும்பங்கள்கூட இவற்றை விடவில்லை. பட்டியலில் எழுதாத ஊரைக்கூடச் சில சமயம் தெய்வத்தின் பெயர் காட்டிக்கொடுக்கும்.

இங்கே சாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தாளில் சாதி எழுதியிருக்கும். ஊரின் எந்தப் பக்கம் போய்க் கேட்பது என்று உங்களுக்கு அது சொல்லும், அதனால் பயன் உண்டு. ஆனால் எழுதியவர் கணக்கர். போனவர் வேறு சாதி சொல்லியிருக்கலாம், ஆள்பிடிப்பவன் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லியிருக்கலாம். அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுவலக வாசலில், பத்துப் பேர் முன்னால் அதை உரக்கப் படிக்கவும் வேண்டாம். ஊரில் தலை நிமிர முடியாததால்தான் பலர் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நாம் அதே இடத்தில் நிறுத்தக் கூடாது.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களின் கதை வேறு. அங்கே ஆள் சேர்த்தவர் கங்காணி. ஆளுக்கொரு பாஸ் என்பது பெரும்பாலும் இல்லை. கையில் தாளே இல்லாமல் வருவார்கள். இவர்களிடம் தோட்டத்தின் பெயரையும் பெரிய கங்காணியின் பெயரையும் கேளுங்கள். கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும்தான் ஆள் திரட்டினார். கங்காணி எந்த ஊர்க்காரர் என்று தெரிந்தால் தேட வேண்டிய வட்டம் பத்துப் பதினைந்து கிராமமாகச் சுருங்கிவிடும். மலாயாவுக்கு இப்படி ஆள் கொண்டுபோவது 1938-இல் நின்றது, ஆகவே போனவரை நேரில் பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கலாம். மலையகத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களிடம் குடும்ப அட்டையும் பழைய இந்தியக் கடவுச்சீட்டும் இருக்கும். அதில் எழுதியிருக்கும் பூர்வீக ஊரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து, அதாவது ரியூனியன், குவாதலூப், மார்த்தினீக்கிலிருந்து வருபவர்களின் பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் மாறியிருக்கும். 'விங்கடசலோம்' என்றால் வெங்கடாசலம்.

இன்னொரு பொதுவான தவறு: குடும்ப நினைவில் 'சொந்த ஊர்' என்று நிற்பது பல சமயம் துறைமுகம்தான். நாகப்பட்டினம், காரைக்கால், மதராஸ் என்று வந்தவர் சொன்னால், அங்கே கப்பலேறினார்களா அங்கேயே பிறந்தார்களா என்று பிரித்துக் கேளுங்கள்.

ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. முனியன், வீரன், சின்னப்பிள்ளை என்ற பெயர்கள் ஒரே ஊரில் ஒரே காலத்தில் ஐந்தாறு இருந்திருக்கும். பெயரோடு தகப்பன் பெயரும் பொருந்த வேண்டும். அதற்கு மேல் சுதந்திரமான இன்னொரு சான்றும் வேண்டும்: உடன்பிறந்தவர் பெயர், கடல்கடந்து போன ஒருவரைப் பற்றி அந்த வகையறாவில் வழங்கும் செய்தி, அங்கிருந்து வந்த கடிதம், மணியார்டர் ரசீது, குலதெய்வம், ஏதாவது ஒன்று. இங்கே ஓர் ஒழுங்கு முக்கியம். வந்தவரிடம் உள்ள விவரத்தை ஊராரிடம் முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். "உங்கள் வகையறாவில் யாராவது கப்பலேறிப் போனார்களா, பெயர் என்ன?" என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால், வந்தவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற நல்ல மனசாலேயே ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். பொய்யான உறவு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிப்பது பெரும் வேதனை.

ஊரார் பயப்படுவதும் நமக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து ஒருவர் பழைய பட்டாவைக் கேட்கிறார் என்றதும், நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்று பேச்சு கிளம்பும். அதன் பிறகு எந்த வீட்டுக் கதவும் திறக்காது. இதற்கு ஒரு வழி உண்டு. முதல் நாளே வந்தவரிடம், குடும்ப வரலாறு அறிய மட்டுமே வந்திருக்கிறேன், நிலம் அல்லது வாரிசு உரிமை பற்றியது அல்ல என்று கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதத்தைத் தமிழில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர் இருவர் முன்னால் அதைப் படித்துக் காட்டுங்கள். அதற்குச் சட்ட மதிப்பு இருக்கிறதா என்பதைவிட, ஊரார் அச்சம் தணிகிறது என்பதுதான் முக்கியம். வந்தவர் முதல் சந்திப்பிலேயே பணமோ பெரிய அன்பளிப்போ கொடுப்பதையும் தடுத்துவிடுங்கள். உறவு கொண்டாட ஆள் பெருகிவிடும்.

பழைய பதிவேட்டைக் காட்டும்போது நகல் எந்திரத்தில் வைத்து அழுத்தாதீர்கள். முதுகு உடைந்தால் பக்கங்கள் உதிர்ந்துவிடும். மேசையில் வைத்து, அட்டையையும் தலைப்புப் பக்கத்தையும் முதலில் படமெடுத்து, பிறகு தேவையான பக்கத்தைக் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தலைப்புப் படம் இல்லாவிட்டால் அது எந்த ஊர், எந்தப் பசலி என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். 1980-இல் பரம்பரைக் கர்ணம் (கிராமக் கணக்கர்), மணியக்காரர் (கிராமத் தலைவர்) பதவிகள் ஒழிந்தபோது பல ஊர்களின் பழைய கணக்குக் கட்டுகள் முன்னாள் கர்ணம் வீட்டுப் பரணிலேயே தங்கிவிட்டன. உங்கள் ஊரில் அப்படி இருந்தால், அந்தக் குடும்பத்தாரிடம் நயமாகப் பேசிப் படமாவது எடுத்துவையுங்கள். அலுவலகம் இடம் மாறும்போது பழைய கட்டுகளை எடைக்குப் போடும் முன் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

மேலே இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அயலகத் தமிழர் நலத்துறை 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தில் வெளிநாட்டுத் தமிழ் இளைஞர்களை இங்கே அழைத்துவருகிறது. நல்ல காரியம். அதோடு, வருபவர் கையில் ஊர்ப்பெயர் இருந்தால் அதை முன்கூட்டியே அந்தந்த வட்டாட்சியருக்கு அனுப்பி, கிராம நிர்வாக அலுவலரிடம் பதில் வாங்கிவைக்கும் ஏற்பாட்டையும் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் கோயிலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு, முப்பது கிலோமீட்டரில் இருக்கும் தங்கள் ஊரைப் பார்க்காமலேயே விமானம் ஏறக் கூடாது. மாவட்டவாரியாகப் பழைய தாலுகா, பழைய ஊர்ப்பெயர், இன்றைய வருவாய்க் கிராம எண் ஆகிய மூன்றையும் இணைக்கும் ஒரு பட்டியலை வருவாய்த் துறை வெளியிட்டால் பாதிப் பேருக்கு உங்களைத் தேடி வர வேண்டிய அவசியமே இருக்காது.

தேடியும் கிடைக்கவில்லை என்றாலும் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். எந்த எந்தப் பதிவேடுகளைப் பார்த்தீர்கள், எந்தப் பசலி வரை, எது இல்லை, எது படிக்க முடியாத நிலையில் இருக்கிறது, ஊர்ப்பெயரை எப்படியெல்லாம் படித்துப் பார்த்தீர்கள், யார் யாரிடம் கேட்டீர்கள் என்று அரைப் பக்கம் எழுதித் தேதி போட்டுக் கொடுங்கள். அதை வைத்து அவர் அடுத்த தாலுகாவில் தேடுவார். அவரால் முடியாவிட்டால் அவர் பிள்ளைகள் வருவார்கள், பார்த்த இடத்தையே மறுபடி பார்க்காமல் அடுத்த இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
குடியேற்ற ஆவணங்களில் ஊர் தேடித் தரும் பணியில் இருப்பவர்கள்